லைட்டரில் மூத்தநாச்சி குடி

மாப்பிள்ளையாக ஒரு வீட்டுக்குள் போவது லேசு. அந்த வீட்டில் ஒரு சாமானைக் கையில் எடுத்து 'இது என்னுடையது' என்று சொல்வதுதான் பெரும்பாடு. சாய்ந்தமருதில் கலியாணம் முடித்த எந்த ஆம்பிளையைக் கேட்டாலும் இதைச் சொல்லுவான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொல்லுவான்.

மசூர் பாலமுனையில் பிறந்தவன். அந்தப் பக்கத்து வழக்கப்படி, அஸீஸாவைக் கலியாணம் முடித்த அன்றைக்கே ஒரு தகரப் பெட்டியோடு அவளுடைய வீட்டுக்கு வந்துசேர்ந்தான். வந்து நாலு வருஷம். வீடு மாமி பாத்தும்மாவினது. அவருக்குப் பிறகு அஸீஸாவினது. கட்டில் சீதனக் கட்டில். கிணறும் தென்னையும் கோழிக்கூடும் வீட்டோடு சேர்ந்தவை. வாசலில் நிற்கிற வண்டி மாமா மீராசாவினது. சோறு கறிக்குக் குறைவில்லை, மரியாதைக்கும் குறைவில்லை. சம்மாந்துறை நெல்லு மில்லில் இயந்திரம் ஓட்டுகிற மருமகன் என்று மாமா நாலு பேரிடம் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார். ஆனாலும் ஒரு மனுசனுக்குத் தன்னுடையது என்று கைவைக்க ஏதாவது ஒன்று வேண்டாமா?

மசூருக்கு ஒன்று இருந்தது. ஒரு லைட்டர்.

இங்கினியாகலையில் அணை கட்டுகிற காலத்தில் அவன் அங்கே இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிற வேலை பார்த்தான். வேலை முடிந்து தன் நாட்டுக்குப் புறப்பட்ட வெள்ளைக்கார மேஸ்திரி ஒருவன், மசூரின் தோளில் தட்டி, சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது அது. முகம் பார்க்கலாம் போல மினுங்கும். மூடியைத் தட்டினால் 'டிக்' என்று திறக்கும். சக்கரத்தை ஒருதரம் உருட்டினால் போதும், கடற்காற்றிலும் அணையாமல் நின்று எரியும். கல்முனைக் கடைத்தெருவில் தேடினாலும் கிடைக்காத சாமான்.

அந்த லைட்டர் அந்த வீட்டில் பட்ட பாட்டைக் கேட்கவேண்டும். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் அது மாமாவின் சுருட்டுக்குப் போகும். அங்கிருந்து அடுப்படிக்கு. மாமி அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மாடத்தில் வைப்பார். மாடத்திலிருந்து அதை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகிறவன் ஜவுபர். அஸீஸா காக்கா என்று கூப்பிடுகிற அவளுடைய அண்ணன், இன்னும் கலியாணம் முடிக்காதவன், வாய் ஓயாதவன். வெள்ளிக்கிழமையானால் அடுத்த வீட்டுக்காரர்கள் சாம்பிராணி போடக் கேட்டு வருவார்கள், கேட்பதும் மாமியிடந்தான். பெட்ரோல் ஊற்றுவது, திரி மாற்றுவது, கல் போடுவது மட்டும் மசூரின் பங்கு.

"என்ட லைட்டர் எங்க?" என்று ஒருநாள் அவன் கேட்டுவிட்டான்.

ஜவுபர் விழுந்து விழுந்து சிரித்தான். "'என்ட' இல்ல மச்சான், 'நம்மட'! இந்த வீட்டுக்குள்ள வந்தா எல்லாம் வீட்டுச் சாமான்தானே. உங்களையும் சேத்துத்தான்."

மசூரும் சிரித்துவைத்தான். ஆனால் அந்தக் கடைசிச் சொல் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான்: இந்த வீட்டில் இந்த ஒரு சாமானையாவது 'மசூருடையது' என்று எல்லாரும் சொல்லவேண்டும். மாமாவும் சொல்லவேண்டும். வாய்ச்சண்டை போட்டு இது ஆகாது; போட்டால் ஊர் சிரிக்கும். ஒரு அடையாளம் வைத்தால் தீர்ந்தது.

மில்லில் கிடந்த பித்தளைத் தகட்டில் ஒரு துண்டை மில் முதலாளியிடம் கேட்டு வாங்கினான். வெட்டி, அரத்தால் ராவி, ஒரு பிறையும் அதன் மடியில் ஒரு நட்சத்திரமும் செய்தான். அரக்கை உருக்கி லைட்டரின் முகப்பில் ஒட்டினான். அழகென்றால் அப்படியொரு அழகு.

இங்கேதான் நம்முடைய ஆள் சறுக்கினான். முஸ்லிம்கள் வாழ்கிற ஊரில் பிறையும் நட்சத்திரமும் போட்ட சாமான் யாருடையது? எல்லாருடையதும்! அதுவரை வீட்டுச் சொத்தாக இருந்த லைட்டர் அன்றிலிருந்து ஊர்ச் சொத்தாகிவிட்டது. பள்ளிவாசல் மோதினார் மக்கீன் விளக்கேற்ற என்று எடுத்துக்கொண்டு போனவர், மூன்று நாள் பள்ளியிலேயே வைத்துக்கொண்டார். மசூர் போய்க் கேட்டபோது அவருடைய முகத்தில் கள்ளம் ஒரு துளியும் இல்லை.

"உங்கடயா தம்பி? பிறை இரிக்கவும், ஆரோ பள்ளிக்கு நேர்ச்சையாக் குடுத்தது எண்டல்லவா நினைச்சன்!"

ஜவுபர் இதைச் சந்திக்குச் சந்தி சொல்லிச் சிரித்தான். 'பள்ளி லைட்டர்' என்று பேரும் வைத்தான். நல்லவேளை, நாலாம் நாள் கிணற்றுக் கட்டில் வெயிலில் கிடந்த சூட்டுக்கு அரக்கு இளகி, பிறை தானாகவே கழன்று விழுந்தது. மசூருக்கு அதில் வருத்தம் இல்லை. அதைச் செய்த தன்னுடைய புத்தியை நினைத்துத்தான் வெட்கமாக இருந்தது.

அந்தக் கிழமையே அவனுக்கு விடிவு வந்தது. நாலு காலில் நடந்து வந்தது.

எங்கிருந்தோ வழிதவறிய ஒரு சிவலைப் பசு வளவுக்குள் நுழைந்து மாமியின் வாழைக்கன்றுகளை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தது. மடி கனத்துப் போயிருந்தது. ஜவுபர் பால் கறக்க மண்முட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"ஒரு முட்டி கறந்திட்டு விடுவம் வாப்பா. வாழையத் திண்டதுக்குச் சரியாப் போயிரும்."

மீராசா வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு எழுந்தார். பசுவின் பின்தொடையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "சுட்ட குறி தெரியல்லயா உனக்கு? இது மருதமுனையாற்ற மாடு. உரித்தாளிட்டக் கேக்காம மடியில கைவைப்பயா? ஹறாம்டா! வைக்கோல் போடு. தண்ணி காட்டு. ஆள அனுப்பிச் சொல்லு."

அந்தக் கரையில் மாடு வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். குடி என்பது தாய்வழி வருவது. ஒவ்வொரு குடிக்கும் ஒரு மாட்டுக்குறி. காட்டில் ஆயிரம் மாடு கலந்து மேய்ந்தாலும் தொடையில் சுட்ட குறியைப் பார்த்து உரியவரைச் சொல்லிவிடலாம். மீராசா இந்த விஷயத்தில் மகாகண்டிப்பு. பயிரை மேய்ந்த மாட்டைக்கூட, இன்னொரு குடியின் குறி இருந்தால், ஒரு அடி அடிக்கமாட்டார்.

மசூர் கிணற்றடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தலையில் யாரோ தட்டியது மாதிரி இருந்தது.

அடுத்த நாளே பாலமுனைக்குப் போனான். அவனுடைய உம்மாவின் வீட்டு அடுக்களைக் கூரையில் குறிசுடுகிற பழைய இரும்பு இன்னமும் செருகியிருந்தது. ஒருகாலத்தில் அவர்களுக்கும் ஒரு பட்டி மாடு இருந்தது. மாட்டு நோய் வந்து ஒரே மாரியில் அத்தனையும் போனது. மாடு போனால் குறியும் போய்விடுமா? மூத்தநாச்சி குடி மூத்தநாச்சி குடிதான். மேலே ஒரு வில் வளைவு, அதன் நடுவிலிருந்து கீழே இறங்குகிற ஒரு கோடு, கோட்டின் நுனியில் இடப்பக்கம் திரும்பிய ஒரு கொக்கி. மசூர் கடதாசியில் கரிக்கட்டையால் அதைச் சிறிதாக எழுதிக்கொண்டான். மிச்சமிருந்த பித்தளையில் பெருவிரல் நகத்தளவுக்கு வெட்டி எடுக்க மூன்று மத்தியானச் சாப்பாட்டு நேரம் பிடித்தது.

இந்தமுறை அரக்கு வேலைக்கு அவன் போகவில்லை. ஈயம் வைத்து ஒட்டினால் வெயிலுக்கும் அசையாது. மில்லிலிருந்து செப்புமுனை வைத்த கோலையும் கொஞ்சம் ஈயக்கம்பியையும் ஒரு கட்டி நவச்சாரத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு, மில் லீவு நாளில் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுக்களையில் உட்கார்ந்தான். மாமி பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார். லைட்டரின் உள்கூட்டை உருவி, பெட்ரோல் ஊறிய பஞ்சும் திரியும் அதற்குள் இருந்தபடியே, கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தூரமாக வைத்துவிட்டு வந்தான். வெறும் கூடு மட்டும் கையில்.

சிரட்டைக் கரி தணலாகி, அதில் கோல் காய்ந்தது. நவச்சாரத்தில் கோலைத் தேய்த்தபோது எழுந்த புகை கண்ணைக் கரித்தது. ஈயம் உருகிச் சொட்டியது. லைட்டரின் முகத்தில் விழுந்த சொட்டு, சேம்பிலையில் விழுந்த தண்ணீர் மாதிரி உருண்டு ஓடி நிலத்தில் விழுந்தது.

இன்னொரு சொட்டு. அதுவும் ஓடியது. மூன்றாவதையும் நாலாவதையும் கேட்கவே வேண்டாம். பித்தளைக் குறியில் ஈயம் சமர்த்தாகப் பிடித்துக்கொண்டது. லைட்டரில் மட்டும் ஒட்டமாட்டேன் என்று அடம்பிடித்தது. இயந்திரத்தையே பிரித்துப் பூட்டுகிற மசூருக்கு வேர்த்துக் கொட்டியது.

"இதுவும் உங்கட ஆக்களோட சேந்திட்டுது புள்ள," என்றான். "என்னோட ஒட்டாதாம்."

மீன் கழுவிக்கொண்டிருந்த அஸீஸா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினாள். "ஓட்டைச் சட்டி அடைக்க வாற மனுசன் முதல்ல என்ன செய்யிறவர்?"

"சுரண்டுவார். அது கரிச்சட்டி. இது மினுங்குதே, இதில என்ன ஊத்தை இரிக்கி?"

"மினுங்கிறதெல்லாம் சுத்தமா? மேலால என்னவோ பூசியிரிக்கான் வெள்ளைக்காரன். அதுதான் ஒட்டவிடுதில்ல. சுரண்டுங்க."

மசூர் அரத்தை எடுத்தான், லைட்டரைப் பார்த்தான், அரத்தைக் கீழே வைத்தான். நாலு வருஷமாக ஒரு கீறல் விழாமல் காத்துவந்த முகம் அது. "மினுக்கம் போயிருமே புள்ள."

"மினுக்கம் வேணுமா, அடையாளம் வேணுமா? நாலு வருஷமா நானும் பாத்துக்கொண்டுதான் இரிக்கன். இஞ்ச தாங்க!"

பிடுங்கி எடுத்துக்கொண்டாள். குறியை லைட்டரில் வைத்து ஊசியால் சுற்றிவரக் கோடு கீறினாள். அந்தக் கோட்டைத் தாண்டாமல் அரத்தின் நுனியால் சுரண்டத் தொடங்கினாள். மசூருக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் அவள் அவனுடைய முழங்கையைத் தட்டினாள். வெள்ளை மினுக்கத்துக்குள் மஞ்சளாகப் பித்தளை சிரித்துக்கொண்டிருந்தது, மூத்தநாச்சி குடிக் குறியின் அதே வடிவத்தில்.

இப்போது வைத்த சொட்டு ஓடவில்லை. அப்படியே படிந்து பரவியது. மசூர் குறியை அதன் மேல் பொருத்தி, காய்ந்த கோலை மேலே வைத்து அமுக்கினான். இரண்டு ஈயமும் ஒன்றாக உருகி, விளிம்பைச் சுற்றி நூல் போல ஒரு வெள்ளிக் கோடு ஓடியது.

"அசைக்காதீங்க! ஆறட்டும்," என்று அஸீஸா கிசுகிசுத்தாள். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஜவுபர் உள்ளே வந்தான். "இஞ்சயா இரிக்கி? வாப்பா சுருட்டோட நிக்கார்," என்றபடி, கேள்வி கேட்பாடு இல்லாமல், வழக்கம்போல எட்டிப் பிடித்தான்.

"சுடும் காக்கா!" என்று அஸீஸா சொல்வதற்குள் ஜவுபர் "உம்மோவ்!" என்று அலறிக் கையை உதறினான். லைட்டர் பறந்துபோய்ச் சீமெந்து நிலத்தில் 'டங்' என்று விழுந்து, இரண்டு குட்டிக்கரணம் போட்டு, அம்மியடியில் கிடந்தது.

மசூர் பழந்துணியால் அதை எடுத்துத் திருப்பினான். குறி இருந்த இடத்தில் இருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தான். மலை மாதிரி அசையாமல் இருந்தது. வாழ்க்கையில் ஒரு அலறல் சத்தம் இவ்வளவு இனிப்பாக அவனுக்குக் கேட்டதில்லை. விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டு ஓடின ஜவுபருக்கோ, லைட்டரில் என்ன புதிதாக இருக்கிறது என்று பார்க்கிற நிலைமை இல்லை.

பத்து நாள் கழித்து மீராசாவின் பட்டியில் கன்றுகளுக்குக் குறிசுடுகிற நாள் வந்தது. சம்மாந்துறைக்கு மேற்கே, அறுவடை முடிந்த வயல்களுக்கு அப்பால் பட்டி. மசூர் அந்தப் பத்து நாளும் லைட்டரை மில்லுக்கே கொண்டுபோய்க் கொண்டுவந்தான். முதன்முதலில் எப்போது, யார் முன்னால் வெளியே வரவேண்டும் என்று அவன் மனதுக்குள் ஒரு கணக்கு இருந்தது. பட்டிக்குப் போகும்போது அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மாடு வைத்திருக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். சம்மாந்துறையிலிருந்து அப்துல் ஸமட் ஹாஜியார் வந்திருந்தார். ஊரில் அவருக்குத்தான் ஆகக்கூடுதலான மாடு. பட்டியைப் பார்க்கிற சிவக்கொழுந்து கன்றுகளைப் பிரித்துக் கட்டியிருந்தான். விறகு அடுக்கியாயிற்று, இரும்பும் தயார். பருவம் தப்பி ஒரு மழை சடசடவென்று கொட்டிவிட்டுப் போனதில், வண்டியில் வைத்திருந்த நெருப்புப் பெட்டிகள் ஊறிப்போயின. குச்சிகளை உரசினால் மருந்துதான் கழன்று வந்தது.

"அதுக்கென்ன, நம்மட லைட்டர் இரிக்கே!" என்றான் ஜவுபர். மசூரின் சட்டைப்பைக்குள் கையை விட்டு எடுத்து, வாப்பாவின் கையில் வைத்தான்.

மீராசா மூடியைத் தட்டினார். 'டிக்.' பெருவிரல் சக்கரத்துக்குப் போகும் வழியில் எதிலோ தட்டுப்பட்டு நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, மாட்டின் தொடையைத் தடவுகிற அதே மாதிரி, அதை ஒருமுறை தடவினார். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சிவக்கொழுந்து, இது எந்தக் குறி?"

சிவக்கொழுந்து தன் முதலாளிக்குக் கிட்ட வந்து குனிந்தான். "வில்லும் கொக்கியும். மூத்தநாச்சி குடி, போடியார். பாலமுனைப் பக்கம். கண்டு கனகாலம்."

மசூர் மாமாவின் வாயையே பார்த்தான். இப்போது மாமா சிரித்துவிட்டால், 'மாட்டுக்குப் போடுறதக் கொண்டுவந்து இதில போட்டிரிக்கான்' என்று ஒரு சொல் சொல்லிவிட்டால், அவ்வளவுதான். செத்தாலும் இந்த ஊரில் அவன் வீட்டுச் சாமான்தான்.

மீராசா மூடியைச் சாத்தினார். மகன் பக்கம் திரும்பினார்.

"கேட்டயா?"

"என்னத்த வாப்பா?"

"உரித்தாளிட்டக் கேட்டா எடுத்தாய்?"

"இது நம்மட வீட்டு லைட்டர்தானே வாப்பா! மச்சான்ட லைட்டர் நம்மட..."

"வாய மூடு! இன்னொரு குடிட அடையாளம் இரிக்கிற சாமான், கேக்காம எடுத்து என்ட கையில தாறயா? அதுவும் இந்தப் பட்டியில வெச்சி, இத்தனை பேருக்கு முன்னால?"

ஜவுபர் சிவக்கொழுந்தின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். மீராசா மூன்றடி நடந்து வந்து, மசூரின் உள்ளங்கையை விரித்து, லைட்டரை அதில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். அதோடு அவர் விடவில்லை. மருமகனின் காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

"நானும் மாப்பிள்ளையா வந்தவன்தான் மகன்," என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "சோடி மாட்டோட வந்தன். அந்தக் குறி இல்லாட்டி, உங்கட மாமிட வளவுக்குள்ள நான் ஆரு?"

பிறகு ஒரு எட்டுப் பின்னால் போய் நின்றார். இப்போது அவருடைய குரல் பட்டி முழுவதற்கும் கேட்டது.

"மருமகன்! நெருப்பு மூட்டோணும். உங்கட லைட்டர ஒருக்காத் தருவீங்களா?"

உங்கட. ஹாஜியார் கேட்டார், சிவக்கொழுந்து கேட்டான், கட்டில் நின்ற கன்றுகளும் கேட்டன. நாலு வருஷத்தில் முதல்முறையாக 'தரமாட்டேன்' என்று சொல்லக்கூடிய இடத்தில் மசூர் நின்றான். அந்த இடம் எவ்வளவு விசாலமாக இருந்தது! அவசரப்படாமல், நின்று நிதானமாக அதை ஒருதரம் அனுபவித்தான்.

"ஓம் மாமா. எடுங்க," என்றான்.

ஒரே உருட்டு. நீலமும் மஞ்சளுமாகச் சுடர் எழுந்தது. ஈரவிறகு முதலில் முனகிப் பிறகு பற்றிக்கொண்டது. ஹாஜியார் லைட்டரைத் தானும் கேட்டு வாங்கிப் பார்த்து, "ஈயவேலை சுத்தமா இரிக்கி, ஆரு செஞ்ச?" என்று விசாரித்தார். "நானும் பெண்சாதியும்," என்றான் மசூர். சொல்லும்போது அவனுடைய கழுத்து ஒரு அங்குலம் நீண்டதைச் சிவக்கொழுந்து கவனித்தான். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் பீடியை வாயில் வைத்துக்கொண்டு மூன்று முறை பக்கத்தில் வந்து மூன்று முறையும் பேசாமல் திரும்பிப்போன ஜவுபர், கடைசியில் வண்டிச் சத்தத்தோடு சத்தமாக, "மச்சான், ஒருக்காத் தாறீங்களா?" என்று கேட்டுவிட்டான்.

"யோசிச்சுச் சொல்றன் மச்சான்," என்றான் மசூர். வண்டியில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது.

வீட்டுக்குக் கதை அவர்களுக்கு முந்தியே போய்விட்டது. குறுக்கு வழியால் சைக்கிளில் போன யாரோ மாமியின் காதில் போட்டிருக்க வேண்டும். மசூர் கைகால் கழுவிவிட்டு உள்ளே வந்தபோது அடுக்களையில் அடுப்பு எரியவில்லை. உலையில் அரிசி போடவில்லை. பாத்தும்மா முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றார். மருமகனோடு நேரே கதைக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. நாலு வருஷமாக அவனைக் கேட்காமலே லைட்டரை எடுத்துப் போனவர்தான், ஆனாலும் வழக்கம் வழக்கந்தான்.

"அஸீஸா," என்றார், அவனுக்கும் கேட்கும்படி. "அடுப்புப் பத்தவைக்கோணும். மருமகன் அவர்ட லைட்டரத் தருவாரா எண்டு கேட்டுப் பாரு மகள்."

அஸீஸா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. கண் இரண்டும் பளபளத்தன. "வீட்டுக்காரி கேக்கிறா," என்றாள். "என்ன சொல்ல?"

மசூர் சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்து, குறி மேலே தெரியும்படி அவளுடைய கையில் வைத்தான்.

"தந்திட்டார் எண்டு சொல்லு," என்றான்.